நாலாம் நம்பர் கால்

திரிபுரசுந்தரிக்குக் காலில் அடிபட்டது எண்பதாம் வருடம், ஐப்பசி மழையில். கோட்டுச்சேரிக்குக் கிழக்கே ஒரு தெருவில் கைக்குழந்தைகளுக்கு முத்தடுப்பூசி போட்டுவிட்டு, வாய்க்கால் கரையோடு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தாள். கேரியரில் ஐஸ் போட்ட மருந்துப் பெட்டி. காலில் ரப்பர் செருப்பு. முந்தின நாள் பெய்த மழையில் களிமண் கரை எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. மதகு ஏறும் இடத்தில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். செருப்பு பெடலில் மடங்கி வழுக்கியது. கால் போன வேகத்தில் பெடல் பின்பக்கமாகச் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேலேயே அடித்தது.

விழுந்தவள் முதலில் பெட்டியைத்தான் பார்த்தாள். மூடி திறக்கவில்லை. பிறகுதான் காலைப் பார்த்தாள். பெடலின் ரப்பர் கட்டைகள் எப்போதோ தேய்ந்துபோய் இரும்புக் கம்பியின் முனை துருத்திக்கொண்டிருந்தது. அது கிழித்த இடத்தில் வெள்ளைப் புடவை நனைந்து ஒட்டியிருந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். வயலில் நின்ற கொக்குகள் பறந்து நாலடி தள்ளி உட்கார்ந்தன. இரண்டாவது தடவை கூப்பிட அவளுக்கே கூச்சமாக இருந்தது. பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே இரண்டு மைல் நடந்து சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ஆறு தையல். தைத்துக்கொண்டே டாக்டர் கோபித்துக்கொண்டார்.

"ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓட்டுனா இப்படித்தான் ஆகும். ஒரு ஷூ வாங்கிப் போடுங்க சிஸ்டர்."

"அதெல்லாம் ஆம்பளைங்க போடுறதுதானே டாக்டர்?"

"பெடலுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா?"

சுந்தரிக்கு அப்போது முப்பத்தொரு வயது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிள் ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். அவளைப் 'பிரான்சு நர்சம்மா' என்றுதான் சொல்வார்கள். புருஷன் அம்பலவாணன் பிரான்சில் இருந்தான். அவனுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அப்பா வழியில் அவனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் கோவில்பத்தில் ஒரு வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். எழுபத்தாறில் அவன் கிளம்பினான். "ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒண்ணரை வருஷம். பேப்பரெல்லாம் போட்டு உன்னைக் கூப்பிட்டுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் மாதம் இரண்டு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. இப்போது தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. எல்லாக் கடிதத்திலும் பேப்பர் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். ஊரில் யார் கேட்டாலும் சுந்தரியும் அதே வரியைச் சொல்வாள்.

கால் காயத்துக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அம்பகரத்தூரிலிருந்து அண்ணன் தங்கையன் ஒரு நாள் பஸ்ஸில் வந்து பார்த்தான். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே சொன்னான்.

"ஒண்டியா இங்க எதுக்குக் கெடக்கே? வீட்டுக்கு வந்துடேன். வேலைக்கு அங்கேருந்து பஸ்ல போயிக்கலாம்."

"லெட்டரெல்லாம் இந்த விலாசத்துக்குத்தான்ணே வரும்."

"வந்தா போஸ்ட்மேன் நம்ம வீட்டு விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவாருல்ல."

"அனுப்புவாரு. இருந்தாலும்..."

தங்கையன் நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மறுநாள் சுந்தரி புருஷனுக்குக் கடிதம் எழுதினாள். இத்தனை வருடத்தில் அவனிடம் அவள் எதையும் கேட்டு எழுதியதில்லை. இந்தத் தடவை, விழுந்து தையல் போட்டதைச் சொல்லிக் கேட்டாள். சைக்கிள் மிதிக்கும்போது வழுக்காத ஷூ ஒன்று வேண்டும். குதிகால் உயரமாக இருக்கக் கூடாது. அடி தட்டையாக, ரப்பராக இருக்க வேண்டும். இந்த ஊரில் பெண்களுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. அங்கே பெண்கள் எல்லாரும் சைக்கிள் ஓட்டுவார்கள் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்?

அளவு எழுதத் தெரியவில்லை. ஒரு தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். ஒருவர் நிற்க இன்னொருவர் வரைய வேண்டிய வேலை அது. குனிந்தால் உடம்பின் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதம் நகர்ந்தது. தையல் போட்ட கால் வலித்தது. மூன்று தாள் வீணாகி நாலாவதில்தான் கோடு சரியாக வந்தது. கட்டைவிரல் பக்கம் 'கட்டைவிரல்' என்று எழுதினாள். எதற்கு எழுதினோம் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். வீட்டில் தன் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சித்திரையில் பதில் வந்தது. கடிதமாக இல்லை, பார்சலாகவே வந்தது. அம்பலவாணனோடு அதே ஊரில், ஒரே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த நடராசன் இரண்டு மாத லீவில் காரைக்கால் வந்திருந்தார். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

சுந்தரி வேலை முடிந்ததும் போனாள். நடராசன் பார்சலைக் கையில் கொடுத்தார்.

"அவரு நல்லாருக்காராண்ணே?"

"இருக்காரும்மா. வேலைதான். ஷிப்டு மாத்தி மாத்திப் போடுறான். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பேப்பர் விஷயம் எதாச்சும் சொன்னாரா?"

"அதெல்லாம் எங்கிட்டச் சொல்லலம்மா" என்றவர், யாரோ கூப்பிட்டதுபோல் உள்ளே போய்விட்டார். அவர் மனைவி ராசாத்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் காலியானதும் எடுத்துக்கொண்டு அவளும் உள்ளே போய்விட்டாள். பிரான்சிலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சுந்தரி கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தாள். நீலத் துணி ஷூ. விரல் பக்கம் ரப்பர் முகப்பு. அடி தட்டையாக, கெட்டியாக, பழுப்பு நிறத்தில் இருந்தது. நகத்தால் கீறினால் பிடித்து இழுத்தது. அவள் கேட்டு எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. சோப்பு வாசனை வந்தது. அந்த ஊர்க் கடையிலேயே இப்படித்தான் வாசனையாக வைத்திருப்பார்கள் போல என்று எண்ணினாள்.

போட்டுப் பார்த்தாள். முன்னால் இரண்டு விரல் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது.

அது பெரிய குறையாகப் படவில்லை. பஞ்சை உருட்டி முன்பக்கம் அடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனாள். பெடலில் கால் வைத்தால் ஷூ அதைக் கவ்விக்கொண்டது. எழுந்து நின்று மிதித்தாலும் நகரவில்லை. அந்த ஒரு வாரமும் போகிற இடத்திலெல்லாம் பெண்கள் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். கடற்கரைப் பக்கத்துத் தெருவில் கமருன்னிசா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் குவைத்தில். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டால் யாருக்குக் கடிதம் வந்தது, எத்தனை பக்கம் என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

"நம்ம வீட்டுல வந்துச்சுன்னா சென்ட்டும் சோப்பும்தான்" என்றாள் கமருன்னிசா. "ஒங்க ஊட்டுக்காரவுக கால் வரைக்கும் நெனச்சுப் பாத்துல்ல அனுப்பியிருக்காக. குடுத்து வச்சவுக நீங்க."

சுந்தரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஐந்து வருடத்தில் அவ்வளவு சந்தோஷமான வாரம் அவளுக்கு வந்ததில்லை.

ஆனால் பஞ்சு நிற்கவில்லை. மிதிக்க மிதிக்க நசுங்கி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஷூ பெடலைப் பிடித்துக்கொண்டு நிற்க, கால் மட்டும் உள்ளே முன்னும் பின்னும் போய்வந்தது. குதிகாலில் கொப்புளம் வந்தது. உள்ளே தோல் அட்டை வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கலாம் என, சனிக்கிழமை மத்தியானம் கடைத்தெருவில் சேக் அலாவுதீன் செருப்புக் கடைக்குப் போனாள். அலாவுதீன் இளவயதில் வியட்நாமில், சைகோனில் தன் அப்பாவின் கடையில் இருந்தவர். வியாபாரம் நன்றாக நடந்த காலத்தைப் பற்றிப் பேசாமல் யாரையும் அனுப்ப மாட்டார்.

"வாங்கம்மா, வாங்க. என்ன வேணும்? பாம்பேலேருந்து ஹீல்ஸ் வந்துருக்கு."

"இதைச் சின்னதாக்க முடியுமா பாய்? எனக்குப் பெரிசா இருக்கு."

"அட, பிரெஞ்சு மாலு." ஆசையோடு வாங்கிப் பார்த்தார். "நாப்பது போட்டுருக்கான். நாப்பதுன்னா நம்மூருக்கு ஆறரை. ஒங்க காலு நாலு. எப்புடிம்மா சேரும்?"

பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே கையை விட்டார். தடவினார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு போட்டுட்டு இருந்ததும்மா?"

"நான்தான். ஒரு வாரமா."

"ஒரு வாரத்துல இவ்வளவு பள்ளம் விழாதும்மா. இங்க பாருங்க, அஞ்சு விரலும் தனித்தனியா தெரியுது. ஒங்க விரல் இவ்வளவு தூரம் எட்டவே எட்டாது. அடியில பாருங்க. ஒங்க பெடல் கோடு இது, புதுசு. இது வேற பெடலு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு அகலம் பாத்தீங்களா? யாரோ வருஷக்கணக்கா சைக்கிள் ஓட்டுன ஷூ இது. நல்லா கழுவி..."

அவர் நிமிர்ந்து சுந்தரியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"அது ஒண்ணுமில்லம்மா. அங்கல்லாம் பழசும் விப்பாங்க. சைகோன்லயே ஞாயித்துக்கெழம சந்தையில விப்பான். நல்ல நல்ல மாலா இருக்கும். அப்புடி வாங்கியிருப்பாக."

"இருக்கும் பாய்" என்றாள் சுந்தரி.

ஷூவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதைத் திரும்பக் காலில் மாட்ட அவளால் முடியவில்லை. வெறுங்காலோடு மிதித்தே கோவில்பத்து வந்து சேர்ந்தாள்.

அலாவுதீன் சொன்னதையே மூன்று நாள் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கே புருஷனுக்குக் கையில் பணம் இல்லாமல் இருந்திருக்கும். பழசாக இருந்தால் என்ன, நமக்காகத் தேடிப்போய் வாங்கியிருக்கிறாரே. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் இறங்க மறுத்தது. அவள் அளவு வரைந்து அனுப்பியிருந்தாள். சந்தையில் வாங்குகிறவன் அந்தத் தாளை வைத்துப் பார்த்திருப்பான். நாலாம் நம்பர் காலுக்கு ஆறரையை யாரும் பொறுக்கி எடுக்க மாட்டார்கள். பொறுக்காமல், பக்கத்தில் இருந்ததை எடுத்தால்தான் அப்படி வரும்.

நாலாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நடராசன் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சுந்தரி உட்காரவில்லை. பையிலிருந்து ஷூவை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அண்ணே, இது யாரோட ஷூ?"

"ஏம்மா? அம்பலவாணன்தான்..."

"யாரோடதுன்னு கேட்டேண்ணே."

நடராசன் வாசலைப் பார்த்தார். உள்ளேயிருந்து ராசாத்தி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் மறைப்பீங்க? சொல்லிப்புடுங்க" என்றாள் அவரைப் பார்த்து. "அன்னிக்கு அவங்க காப்பி குடிச்சுட்டுப் போனதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல."

நடராசன் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். நாலு வருடமாக அம்பலவாணன் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான். அவள் ஒரு துணி வெளுக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். தொழிற்சாலை ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஊரில் சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"அந்தப் பொண்ணோடதா இது?"

"ஆமாம்மா. அது தெனம் சைக்கிள்லதான் வேலைக்குப் போகும். ஒங்க லெட்டர் வந்தப்ப நான் அங்கதான் இருந்தேன். காலு படத்தைப் பாத்துட்டு, என்ன இதுன்னு அது கேட்டுச்சு. ஊர்ல சைக்கிள்லேருந்து விழுந்து தையல் போட்டுருக்குன்னு இவன் சொன்னான். கேட்டதும் அதுக்கு மனசு பொறுக்கல. தன் ஷூவையே எடுத்துக் கழுவிக் காய வச்சுக் குடுத்துச்சு. இதுதான் வழுக்காது, இதையே அனுப்புன்னு. கெட்ட பொண்ணு இல்லம்மா அது."

"நான் யாருன்னு அதுக்குத் தெரியுமா?"

நடராசன் பெட்டியில் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"தங்கச்சின்னு சொல்லியிருக்கான்."

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரி அப்படியே நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஊசி போடும்போது குழந்தை கத்தாமல் வெறித்துப் பார்க்குமே, அந்த ஒரு நொடி நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது.

"குழந்தை இருக்காண்ணே?"

"ஒரு பொண்ணு. ரெண்டு வயசு."

"தடுப்பூசியெல்லாம் போட்டாச்சா?"

ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நடராசன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டிருப்பாங்கம்மா" என்றார் மெதுவாக.

"இந்த ஷூவை அவருகிட்டக் குடுக்காதீங்க. அந்தப் பொண்ணு கையிலயே குடுங்க. அளவு சேரலன்னு சொல்லுங்க. எனக்காகக் கழுவிக் குடுத்ததுக்கு நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

"நீங்க யாருன்னு..."

"கேட்டா சொல்லுங்க. கேக்கலேன்னா வேணாம்."

வெளியே வரும்போது ராசாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள். சுந்தரி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்றாள். போய்ச் செய்ய எதுவும் இல்லை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையனுக்கும் எழுதவில்லை. எழுதினால் அண்ணன் அடுத்த பஸ்ஸிலேயே வந்து சட்டிபானையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான். அம்பலவாணனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து, பேர் மட்டும் எழுதி மூன்று முறை கிழித்தாள். கிராமங்களில் ஷூ எங்கே என்று கேட்டார்கள். கால் கடிக்கிறது என்றாள். பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். நடந்துகொண்டிருக்கிறது என்றாள். பழைய பதில்தான். ஆனால் முன்பெல்லாம் அதைச் சொல்லும்போது உள்ளே ஏதோ துணைக்கு நின்றது. இப்போது அது வெறும் சத்தமாக வெளியே வந்தது. ரேடியோவில் பேசுகிறவளின் குரல்போல, தன் குரலையே தள்ளி நின்று கேட்டாள்.

மறுபடியும் ரப்பர் செருப்புத்தான். மேடு வந்தால் பயந்து இறங்கித் தள்ளினாள். ஒரு நாளைக்கு மூன்று தெரு பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் முடிந்தது. வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவணியில் ஒரு நாள் நல்ல மழை பெய்தது. டாக்டர் அவள் காலைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை சுந்தரி சைக்கிளோடு அலாவுதீன் கடைக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். போன தடவை பேசியது அவர் மனதை உறுத்திக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"வாங்கம்மா. அன்னிக்கு நான் ஏதோ..."

"அதை விடுங்க பாய். சைக்கிள் ஓட்ட ஒரு ஷூ வேணும். நாலாம் நம்பர். பொம்பளை ஷூ இல்லேன்னு சொல்லாதீங்க, பையன்களுக்கு உள்ளதைக் காட்டுங்க."

சைக்கிளைக் கடைப்படிக்கு நேராக ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். பின்சக்கரம் தரையில் படாமல் நின்றது. அலாவுதீன் முதலில் கறுப்புத் தோல் ஷூவைக் கொண்டுவந்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவது. சுந்தரி அதை மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். நின்ற இடத்திலேயே மிதித்தாள். பின்சக்கரம் விர்ரென்று சுற்றியது. எதிர்க்கடைப் பூக்காரி சிரித்தாள். இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"வேணாம் பாய். அடி வழவழன்னு இருக்கு. குதிக்கட்டை பெடல்ல இடிக்குது."

அடுத்து மெல்லிய வெள்ளைக் கேன்வாஸ். அதில் அடி தோசைபோல் வளைந்தது. பெடலின் கம்பி பாதத்தில் உறுத்தியது. "இதுல பத்து மைல் போனா ராத்திரி கால் ஊன முடியாது." பிறகு துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்கக் கொடுத்திருந்த கனமான ஷூ. அதில் அடி மெத்தை மாதிரி இருந்தது. "கால் பெடல்ல இருக்கா இல்லையான்னே தெரியல பாய். தெரியாம எப்புடி ஓட்டுறது?" அலாவுதீன் ஆணி வைத்த கால்பந்து ஷூவைத் தூக்கிக் காட்டினார். அதை அவளே சிரித்துத் தள்ளிவிட்டாள்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆறேழு பேராகிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓடியிருப்பாள். அன்றைக்கு யார் நின்றாலும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. காலடியில் என்ன தெரிகிறது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள்.

மேல்பரணிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்தார் அலாவுதீன். பழுப்புக் கேன்வாஸ் ஷூ. சாரணர் பையன்களுக்காக வாங்கிவைத்து மிஞ்சியதாம். பார்க்க ஒரு அழகும் இல்லை. அடி ஒரே தட்டையாக, பலகைபோல் விறைப்பாக இருந்தது. ஆனால் பலகையும் இல்லை, கச்சா ரப்பர். விரல் பக்கம் ரப்பர் முகப்பு இருந்தது. மாட்டினாள். கட்டைவிரல் நுனிக்கு முன்னால் ஒரு நெல் அளவு இடம். குதிகால் உள்ளே அசையவில்லை. மிதித்தாள். எழுந்து நின்று மிதித்தாள். கால் வைத்த இடத்திலேயே இருந்தது.

"தண்ணி இருக்கா பாய்?"

"குடிக்கவாம்மா?"

"பெடல்ல ஊத்த."

அவர் சொம்பில் கொண்டுவந்தார். அவள் பெடலிலும் ஊற்றினாள், ஷூவின் அடியிலும் ஊற்றினாள். மறுபடி ஏறி, முழுப் பலத்தோடு மிதித்தாள். தண்ணீர் தெறித்து வேடிக்கை பார்த்தவர்கள் மேல் விழுந்தது. கால் நழுவவில்லை.

"சைகோன்லயும் கடை வச்சுருந்தோம், இங்கயும் வச்சுருக்கேன்" என்றார் அலாவுதீன். "ஷூவை நனைச்சுப் பாத்து வாங்குற ஆளை இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்."

"மழையில போறவ நான்தானே பாய்" என்றாள் சுந்தரி. கயிற்றின் நீளமான முனை சங்கிலியில் மாட்டிக்கொள்ளாமல் உள்ளே செருகிக்கொண்டாள். அப்படியே போட்டுக்கொண்டு கிளம்பினாள். பெடலுக்குப் புது ரப்பர் கட்டைகளும் அன்றே மாற்றினாள்.

செவ்வாய்க்கிழமை கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஊசி முறை. கமருன்னிசா மூன்றாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுந்தரியின் காலைப் பார்த்ததும் உட்காராமலேயே கேட்டாள்.

"புது ஷூவா இருக்கே! இதுவும் அவுக அனுப்புனதா?"

"இல்ல. நானே பாத்து வாங்குனேன்."

"ஏன், அந்த நீல ஷூ என்னாச்சு? பேப்பர் எதாச்சும்..."

சுந்தரி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். நடந்துகொண்டிருக்கிறது என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. மருந்துக் குப்பியைக் கீழே வைத்தாள்.

"பேப்பர் வராது கமரு. அவருக்கு அங்க குடும்பம் இருக்கு. பொண்ணு ஒண்ணு இருக்கு. இனிமே என்னைக் கேக்காதீங்க."

முதல்தடவையாக அதை வெளியே சொன்னாள். பக்கத்தில் வரிசையில் நின்ற பெண்களும் கேட்டுவிட்டார்கள். கமருன்னிசா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "யா அல்லா" என்று மட்டும் சொன்னாள். பிறகு குழந்தையின் தொடையைச் சுந்தரியின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை எல்லாருக்கும் உதவியாக இருந்தது.

முடிந்து கிளம்பும்போது கமருன்னிசா வாசல் வரைக்கும் வந்தாள். ஏதோ சொல்ல நினைத்தாள். அவள் புருஷனிடமிருந்தும் இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. சைக்கிள் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டாள்.

சொன்னால் பாரம் குறையும் என்று சுந்தரி நினைத்திருந்தாள். குறையவில்லை. இத்தனை நாள் ஒரு பொய்யாவது கூட வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. கடல் காற்று எதிரே அடித்தது. தெரு மறைந்ததும், சவுக்குத் தோப்பு ஓரத்தில் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்று அழுதாள். யாரும் வரவில்லை. அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கே பதினோரு குழந்தைகள் இருந்தன.

அடுத்த வருடம் ஒரு வக்கீல் மூலமாக விவாகரத்துத் தாள்கள் வந்தன. படித்துப் பார்த்து, போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். நடராசன் அந்த ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தாரா, அந்தப் பெண் எதுவும் கேட்டாளா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தங்கையன் வந்து மறுபடியும் கூப்பிட்டான். அவள் போகவில்லை. கோவில்பத்து வீட்டிலேயே இருந்தாள். கோட்டுச்சேரிப் பக்கம் அவளைப் பிரான்சு நர்சம்மா என்று சொல்வது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோய், ஷூ நர்சம்மா என்று ஆயிற்று. வருடத்துக்கு ஒரு ஜோடி தேய்ந்தது. அலாவுதீன் நாலாம் நம்பரை அவளுக்காகவே வரவழைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டமாக இருந்தன. துவைத்து, சமைத்து, சாப்பிட்டு முடித்தால் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக் கடற்கரை வரைக்கும் போவாள். கொஞ்ச நேரம் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பாள். திரும்பி வர ஏதாவது காரணம் வேண்டுமே என்று, வழியில் கடையில் நிறுத்தி, வீட்டில் இருக்கிறதா என்று யோசிக்காமலேயே ஒரு தீப்பெட்டியோ கொஞ்சம் கொத்தமல்லியோ வாங்கிக்கொண்டு வருவாள்.